டிவைஸ் ட்ரீயில் டிசேபிள்டு என்று இருந்தால் லினக்ஸ் கெர்னல் என்ன செய்யும்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு போர்டில் சென்சாரை இணைத்தாயிற்று, வயர் எல்லாம் சரி, டிரைவர் மாட்யூலும் ஏற்றியாயிற்று, ஆனால் சாதனக் கோப்புகள் இருக்கும் /டெவ் அடைவில் ஐ2சி (சென்சார் போன்றவற்றை இணைக்கும் ஒரு பஸ்) கோப்பு வரவே இல்லை, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜிலும் ஒரு பிழைச் செய்தி கூட இல்லை. எம்பெடட் லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இது. பிழைச் செய்தி வந்தால் அதை வைத்துத் தேடலாம், கெர்னல் எதுவுமே சொல்லாவிட்டால் எதைத் தேடுவது? பெரும்பாலும் காரணம் ஒரே ஒரு வரி. போர்டை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் அந்தக் கன்ட்ரோலரின் ஸ்டேட்டஸ் டிசேபிள்டு என்று இருக்கும். அந்த வரியைக் கெர்னல் எங்கே படிக்கிறது, படித்துவிட்டு என்ன செய்கிறது, அதைவிட முக்கியமாக எதையெல்லாம் செய்யாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த வகைச் சிக்கல்களில் பாதி தானாகவே பிடிபட்டுவிடும்.

கொஞ்சம் பின்னணி

யூஎஸ்பி, பிசிஐ போன்ற பஸ்களில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கெர்னல் கேட்டால் சாதனமே தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். ஆர்ம் சிப்புக்குள் இருக்கும் ஐ2சி, எஸ்பிஐ, யூஆர்ட் கன்ட்ரோலர்கள் அப்படிச் சொல்லாது. எந்த முகவரி, எந்த இன்டரப்ட், எந்த கிளாக் என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அப்படி எழுதிக் கொடுப்பதுதான் டிவைஸ் ட்ரீ, மரம் போல் கிளைக்கும் இதில் ஒவ்வொரு சாதனத்துக்குமான பகுதி ஒரு நோடு. இதன் வேர் ஓப்பன் ஃபர்ம்வேர் என்கிற பழைய தரத்தில் இருக்கிறது, அது 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற எண்ணில் வந்தது. லினக்ஸில் பவர்பிசி இதை ஆர்முக்கு முன்பே பிடித்துக்கொண்டது. ஆர்ம் பக்கம் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி சி கோப்பு எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்கள், 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் குவியலைப் பார்த்துக் கோபப்பட்ட பிறகு ஆர்மும் வேகமாக டிவைஸ் ட்ரீக்கு மாறியது.

மூலக் கோப்பு இரண்டு வகை. சிப்புக்குப் பொதுவான விவரம் டிடிஎஸ்ஐ கோப்பில் இருக்கும், குறிப்பிட்ட போர்டின் விவரம் டிடிஎஸ் கோப்பில் இருக்கும். இரண்டையும் சேர்த்து டிடிசி என்ற கம்பைலர் டிடிபி என்ற பைனரியாக ஆக்கும். பூட்லோடர் அதை மெமரியில் வைத்து, இதோ உன் ஹார்ட்வேர் என்று கெர்னலிடம் முகவரியைக் கொடுத்துவிடும்.

இப்போது ஏன் இத்தனை நோடுகள் டிசேபிள்டு என்று கிடக்கின்றன என்ற கேள்விக்கு வருவோம். ஒரு சிப்பில் ஆறு யூஆர்ட் இருக்கலாம், ஆனால் போர்டு செய்தவர் இரண்டுக்குத்தான் வெளியே பின் (வயர் இணைக்கும் முனை) இழுத்திருப்பார். மற்ற நான்கின் பின்களை வேறு வேலைக்குக் கொடுத்திருப்பார். அதனால் வெளியே வயர் தேவைப்படும் எல்லாக் கன்ட்ரோலர்களையும் டிடிஎஸ்ஐயில் டிசேபிள்டு என்று எழுதிவிடுவது வழக்கம். போர்டின் டிடிஎஸ் கோப்பு தனக்கு வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி ஓகே ஆக்கிக்கொள்ளும். ஆகவே டிசேபிள்டு என்று பார்த்தவுடன் அந்தச் சாதனம் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், இந்த போர்டுக்கு அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள்.

ஸ்டேட்டஸில் என்னவெல்லாம் எழுதலாம்

டிவைஸ் ட்ரீ விதிப்புத்தகத்தில் சில மதிப்புகள்தான் உண்டு. ஓகே என்றால் சாதனம் இயங்கும் நிலையில் இருக்கிறது. டிசேபிள்டு என்றால் இப்போது இயங்கவில்லை, பின்னால் இயங்கக்கூடும். ரிசர்வ்டு என்றால் சாதனம் நன்றாக இயங்குகிறது, ஆனால் ஃபர்ம்வேர் போல வேறொருவர் அதைக் கையில் வைத்திருக்கிறார், நீ தொடாதே. ஃபெயில் என்றால் கடுமையான பழுது, ரிப்பேர் செய்யாமல் சரியாகாது. ஃபெயிலுக்குப் பின்னால் ஒரு சிறு கோடு (-) போட்டு என்ன பழுது என்றும் சேர்த்து எழுதலாம். ஸ்டேட்டஸ் வரியே இல்லையென்றால் ஓகே என்றுதான் கணக்கு, இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

விதிப்புத்தகம் இப்படி விரித்துச் சொன்னாலும், சாதாரணச் சாதனங்களைப் பொறுத்தவரை லினக்ஸ் இவற்றை இரண்டாகத்தான் பிரிக்கிறது, உண்டு அல்லது இல்லை. கெர்னல் மூலத்தில் டிரைவர்ஸ் அடைவுக்குள் ஓஎஃப் என்ற அடைவு, அதில் பேஸ் என்ற சி கோப்பு. அங்கே சாதனம் கிடைக்குமா என்று பார்க்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கிறது, சில வரிகள்தான், புதியவர்கள் கட்டாயம் ஒருமுறை திறந்து படிக்க வேண்டும். ஸ்டேட்டஸ் இல்லையா, உண்டு. ஸ்டேட்டஸ் ஓ-கே-ஏ-ஒய் என்று நான்கு எழுத்தில் இருக்கிறதா, உண்டு. பழைய மரபுப்படி ஓ-கே என்று இரண்டே எழுத்தில் இருக்கிறதா, அதுவும் உண்டு. வேறு எதுவாக இருந்தாலும் இல்லை.

இந்தக் கடைசி வரிதான் ஆளைக் கவிழ்க்கும். டிசேபிள்டுக்கு எதிர்ச்சொல் எனேபிள்டு என்று நினைத்து ஸ்டேட்டஸில் எனேபிள்டு என்று எழுதினால், கெர்னல் அதையும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டாலும் அதே கதிதான், ஏனென்றால் ஒப்பிடுவது எழுத்துக்கு எழுத்து. எந்த எச்சரிக்கையும் டிமெசேஜில் வராது.

கெர்னல் எங்கே இதைக் கேட்கிறது

பூட் ஆகும்போது கெர்னல் மரத்தின் வேரிலிருந்து இறங்கி, சாதனங்களைக் குறிக்கும் நோடுகளுக்கு பிளாட்ஃபார்ம் டிவைஸ்களை, அதாவது கெர்னலுக்குள் அந்தச் சாதனங்களுக்கான பதிவுகளை, உருவாக்கிக்கொண்டே போகும். உருவாக்குவதற்கு முன் மேலே சொன்ன ஃபங்ஷனைக் கேட்கும். இல்லை என்று வந்தால் அந்த நோடுக்கு டிவைஸே உருவாகாது. டிவைஸ் இல்லையென்றால் டிரைவரோடு பொருத்திப் பார்ப்பதும் இல்லை, சாதனத்தைத் தொடங்கிவைக்கும் டிரைவரின் புரோப் ஃபங்ஷனைக் கூப்பிடுவதும் இல்லை. டிரைவர் மாட்யூலை நீங்கள் எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் அது பொருந்துவதற்கு எதிரே ஆளே கிடையாது. பிழைச் செய்தி வராததும் இதனால்தான், எதுவும் தோற்கவில்லையே.

இன்னொன்று, டிசேபிள்டு நோடுக்குள் கெர்னல் இறங்குவதும் இல்லை. பஸ் கன்ட்ரோலர் டிசேபிள்டு, அதற்குக் கீழே இருக்கும் சென்சார் ஓகே என்றால் சென்சாரும் வராது. சென்சார் நோடை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓகே என்றுதானே இருக்கிறது என்று குழம்புகிறவர்கள் ஒரு படி மேலே ஏறிப் பார்த்தால் போதும்.

பின் அமைப்பும் இதே கதைதான். ஒரு சாதனத்துக்கான பின்களைக் கெர்னல் புரோபுக்குச் சற்று முன்புதான் அமைக்கிறது. டிசேபிள்டு என்றால் அதன் பின்களை யாரும் எடுத்துக்கொள்வதில்லை, இன்னொரு சாதனம் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, கையில் போர்டு இருக்கிறது, எங்கே தொடங்குவது?

முதலில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எந்த மரத்தை வைத்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் டிடிஎஸ் கோப்பைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், பூட்லோடர் வழியில் அதை மாற்றியிருக்கலாம், அல்லது வேறொரு டிடிபியையே ஏற்றியிருக்கலாம். /ப்ராக் அடைவுக்குள் டிவைஸ்-ட்ரீ என்ற அடைவு இருக்கும். அதில் ஒவ்வொரு நோடும் ஒரு அடைவு, ஒவ்வொரு பண்பும் ஒரு கோப்பு. வேண்டிய நோடு எங்கே என்று தெரியவில்லையென்றால் அலையாசஸ் அடைவுக்குள் போய் ஐ2சி1 என்ற கோப்பை கேட் (cat) கமாண்டால் படியுங்கள், முழுப் பாதையும் கிடைக்கும். அந்தப் பாதைக்குள் ஸ்டேட்டஸ் கோப்பை கேட் செய்தால் பதில் தெரிந்துவிடும். முழு மரத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டுமென்றால் டிடிசியிடமே இந்த அடைவைக் கொடுத்து உரையாக மாற்றிக் கேட்கலாம், அதற்கு ஐ என்ற பெரிய எழுத்து ஆப்ஷனில் எஃப்எஸ் என்று கொடுக்க வேண்டும்.

அப்புறம் அதே பாதையில் மேலே ஏறி, ஒவ்வொரு தாய் நோடிலும் ஸ்டேட்டஸ் கோப்பு இருக்கிறதா, இருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

டிசேபிள்டு என்பது உறுதியானால் அதை எப்படி மாற்றுவது என்பது போர்டைப் பொறுத்தது. ராஸ்பெர்ரி பையில் இது மிகச் சுலபம். கான்ஃபிக் டெக்ஸ்ட் கோப்பில் டிடிபாராம் வரி ஒன்றில் ஐ2சி_ஆர்ம் ஆன் என்று போட்டால், கெர்னல் தொடங்குவதற்கு முன்பே பையின் ஃபர்ம்வேர் டிடிபியைத் திருத்தி, அந்த நோடின் ஸ்டேட்டஸை ஓகே ஆக்கிவிட்டுத்தான் கெர்னலிடம் கொடுக்கும். ராஸ்பி-கான்ஃபிக் மெனுவில் ஐ2சியை ஆன் செய்தாலும் இதே வரியைத்தான் அது எழுதுகிறது. புக்வார்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு /பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்ளடைவில் இருக்கிறது, பழைய பாடங்களைப் பார்த்து /பூட்டில் நேரே தேடினால் ஏமாறுவீர்கள். ரீபூட் செய்த பிறகு ஐ2சிடிடெக்ட் கமாண்டை எல் ஆப்ஷனோடு ஓட்டினால் அடாப்டர்களின் பட்டியல் வரும். பட்டியல் காலியாக இருந்து /டெவ்விலும் கோப்பு இல்லையென்றால், ஐ2சி-டெவ் மாட்யூல் ஏற்றாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது வேறு பிரச்சினை.

மற்ற போர்டுகளில் டிடிஎஸ் கோப்பையே திருத்தி டிடிபியை மறுபடி செய்யலாம், அல்லது ஒரு ஓவர்லே (மரத்தின் மேல் ஒட்டும் சிறு திருத்தம்) எழுதி பூட்லோடரை விட்டு ஒட்டச் சொல்லலாம். சோதனைக்கு மட்டும் என்றால் யூ-பூட் என்ற பூட்லோடரின் கன்சோலில் எஃப்டிடி கமாண்டை வைத்து மெமரியில் இருக்கும் மரத்திலேயே ஸ்டேட்டஸை மாற்றிவிட்டு பூட் செய்து பார்க்கலாம். தவறாகப் போனால் ரீசெட் அழுத்தினால் பழைய நிலை வந்துவிடும், அதனால் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் கன்ட்ரோலரின் பின்களை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? பீகிள்போன் பிளாக் போர்டில் பி8 கனெக்டரின் 27 முதல் 46 வரையிலான பின்கள் எச்டிஎம்ஐக்கான காட்சித் தரவுக்கும் போகின்றன. எச்டிஎம்ஐயை நிறுத்தாமல் அந்தப் பின்களில் வேறு எதையாவது ஓகே ஆக்கினால், இரண்டாவதாகப் பின் கேட்பவர் தோற்றுப்போவார், அந்தப் பின்னை ஏற்கெனவே இன்னார் கேட்டுவிட்டார் என்று டிமெசேஜில் வரும். கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக் எஃப்எஸ் அடைவுக்குள் பின்கன்ட்ரோல் பகுதியில் எந்தப் பின் யாரிடம் இருக்கிறது என்று முழுப் பட்டியல் கிடைக்கும்.

ஓகே ஆக்கிய பிறகும் சாதனம் வரவில்லையா? அப்படியென்றால் இப்போது டிவைஸ் உருவாகியிருக்கிறது, புரோபில்தான் எங்கோ நிற்கிறது. டீபக் எஃப்எஸ் அடைவில் காத்திருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைசஸ்_டிஃபர்டு என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் சாதனம் மின்சாரம் கொடுக்கும் ஒரு ரெகுலேட்டரையோ ஒரு கிளாக்கையோ கேட்டு, அதைக் கொடுக்க வேண்டிய நோடு டிசேபிள்டாக இருந்தால், கொடுப்பவர் ஒருநாளும் வரமாட்டார், கேட்பவர் காத்துக்கொண்டே இருப்பார். அதையும் ஓகே ஆக்கினால் இரண்டும் சேர்ந்து எழுந்துவிடும்.

டிசேபிள்டு என்றால் ஆஃப் என்று அர்த்தமா?

இல்லை. இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். டிசேபிள்டு என்ற வரி கெர்னலுக்குச் சொல்வது, இந்தச் சாதனத்தை நீ எடுத்துக்கொள்ளாதே என்பது மட்டும்தான். அதைப் படித்துவிட்டுக் கெர்னல் போய் அந்தச் சாதனத்தின் ரிஜிஸ்டரில் எதையாவது எழுதி அதை அணைப்பதில்லை. எழுத வேண்டியவர் டிரைவர், அந்த டிரைவரைத்தான் கூப்பிடவே இல்லையே. பூட்லோடர் அதை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போனதோ அதே நிலையில் அது கிடக்கும்.

இதன் விளைவை, குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாகில் நன்றாகப் பார்க்கலாம். பூட்லோடர் வாட்ச்டாகை ஓடவிட்டுவிட்டது, டிவைஸ் ட்ரீயில் அதன் நோடு டிசேபிள்டு. கெர்னல் நன்றாக பூட் ஆகும், லாகின் கூட வரலாம், ஆனால் வாட்ச்டாகுக்குத் துடிப்புக் கொடுக்க ஆள் இல்லை, நேரம் முடிந்ததும் போர்டு திடீரென்று ரீசெட் ஆகும். கடைசி வரி வரைக்கும் லாகில் ஒரு தவறும் இருக்காது. நோடு ஓகேவாக இருந்திருந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாட்ச்டாகை அடையாளம் கண்டு கெர்னலே துடிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. பூட்லோடர் திரையில் லோகோ போட்டு வைத்திருக்கிறது, டிஸ்ப்ளே நோடு டிசேபிள்டு. பூட்டின் கடைசிக் கட்டத்தில் கெர்னல், யாரும் கேட்காத கிளாக்குகளை எல்லாம் நிறுத்தும். ரெகுலேட்டர்களில் யாரும் கேட்காதவற்றை ஏறக்குறைய 30 வினாடி பொறுத்துவிட்டு அணைக்கும். டிஸ்ப்ளேயின் கிளாக்கை எந்த டிரைவரும் கேட்கவில்லை என்பதால் அதுவும் போய்விடும், திரை கறுத்துவிடும். இங்கேயும் கெர்னல் டிஸ்ப்ளேயை அணைக்கவில்லை, அதற்குப் போன கிளாக் அநாதையாகிவிட்டது, அவ்வளவுதான். கெர்னல் கமாண்ட் வரியில் சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்டு என்று சேர்த்து பூட் செய்து பார்த்தால் காரணம் இதுதானா என்று உறுதி செய்துகொள்ளலாம். ஆல்வின்னர் சிப்புகளில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. பூட்லோடர் தயார் செய்த திரையைக் கெர்னலுக்குச் சொல்லும் சிம்பிள்-ஃப்ரேம்பஃபர் நோடுகள் டிடிஎஸ்ஐயில் டிசேபிள்டாகவே இருக்கும், யூ-பூட் திரையைத் தயார் செய்தால் மட்டும் பொருத்தமான நோடை ஓகே ஆக்கும். அந்த நோடிலேயே தேவையான கிளாக்குகளின் பட்டியல் இருப்பதால் கெர்னல் அவற்றை நிறுத்தாது.

டிசேபிள்டு சாதனமும் உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் என்எக்ஸ்பியின் எல்எஸ்1028ஏ சிப். அதில் நெட்வொர்க் போர்ட்டுகள் சிப்புக்குள்ளேயே இருந்தாலும் பிசிஐ சாதனத்தின் ஃபங்ஷன்களாகத் தெரியும். பவர் வந்தவுடன் அவற்றின் சில அட்டவணைகள் இருக்கும் மெமரியில் குப்பை மதிப்புகள் கிடக்கும், துடைக்காவிட்டால் இசிசி என்ற மெமரிச் சோதனையில் பிழைகள் கிளம்பும். பயன்படுத்தாத போர்ட்டுகளின் மெமரியையும் துடைத்தே ஆக வேண்டும் என்று 2021-இல் தெரியவந்தது. பிசிஐ சாதனங்களைக் கெர்னல் தேடிக் கண்டுபிடிப்பதால், அப்போது டிசேபிள்டு போர்ட்டுக்கும் டிவைஸ் உருவாகும். அதனால் டிரைவர், அந்தப் போர்ட்டுக்கும் தன் புரோப் வரும் என்று நம்பி, அங்கே மெமரியைத் துடைத்துவிட்டு, அதன் பிறகு சாதனம் இல்லை என்று சொல்லித் திரும்பிவிடும்.

பிறகு பிசிஐ கோர், டிசேபிள்டு நோடு உள்ள ஃபங்ஷன்களைத் தேடும் கட்டத்திலேயே தள்ளிவிடத் தொடங்கியது. கேட்க நியாயமான மாற்றம்தான். ஆனால் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் உடைந்தன. டிரைவர் வராததால் துடைக்கும் வேலை நின்றுபோயிற்று. அதோடு, பிசிஐ விதிப்படி ஃபங்ஷன் 0 இல்லையென்றால் மற்ற ஏழையும் தேட வேண்டியதில்லை, ஆகவே முதல் போர்ட்டை டிசேபிள்டு ஆக்கிய போர்டுகளில் மற்ற போர்ட்டுகளும் சேர்ந்து காணாமல் போயின. 2023-இல் இதைச் சரிசெய்த விதம் பார்க்கத் தகுந்தது. டிசேபிள்டு ஃபங்ஷனையும் கெர்னல் இப்போது பதிவு செய்துகொள்கிறது, டிரைவரை மட்டும் ஒட்டவிடுவதில்லை. மெமரி துடைக்கும் வேலை டிரைவருக்கு வெளியே, குறிப்பிட்ட சிப்புகளின் கோளாறுகளைச் சமாளிக்கும் பிசிஐயின் குவிர்க் பகுதிக்குப் போய்விட்டது. டிசேபிள்டு என்பதை ஹார்ட்வேரே இல்லை என்று எடுத்துக்கொள்வதா, டிரைவர் மட்டும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதா என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்று இந்த ஒரு சிப் காட்டிவிட்டது.

சிபியூவுக்கு விதி வேறு

சிபியூ நோடில் டிசேபிள்டு என்று இருந்தால், விதிப்புத்தகப்படி அந்தக் கோர் ஓய்வில் இருக்கிறது, இன்ன முறையில் எழுப்பலாம் என்று பொருள். அதனால் சிபியூக்களை வரிசையாகப் பார்க்கும்போது கெர்னலின் பொதுவான ஃபங்ஷன் டிசேபிள்டை விலக்குவதில்லை, ஃபெயில் என்று இருப்பதை மட்டும் விலக்குகிறது. ரிஸ்க்-வி பக்கம் அதற்கு மேலும் ஒரு சோதனை இருக்கிறது, அங்கே டிசேபிள்டு கோர் உண்மையிலேயே தள்ளிவைக்கப்படும். சைஃபைவின் எஃப்யூ540 சிப்பில் கோர் 0 மற்ற நான்கைப் போல எம்எம்யூ (மெமரி முகவரிகளை மாற்றித்தரும் பகுதி) உள்ளது அல்ல, லினக்ஸை அதில் ஓட்ட முடியாது, அதனால் டிடிஎஸ்ஐயிலேயே அது டிசேபிள்டு.

பாதுகாப்புப் பகுதியோடு பங்கிடும் ஆர்ம் போர்டுகளில் செக்யூர்-ஸ்டேட்டஸ் என்று தனியாக ஒரு பண்பும் பார்ப்பீர்கள். ஸ்டேட்டஸ் டிசேபிள்டு, செக்யூர்-ஸ்டேட்டஸ் ஓகே என்றால் அந்தச் சாதனம் ஓபி-டீ போன்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு மட்டும். இதைக் கண்டால் ஓகே ஆக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், கெர்னல் தொட்டவுடன் தொங்கிப்போகக்கூடும்.

லேப்டாப்பில் இதே விஷயம்

சாதாரண பிசிக்களில் டிவைஸ் ட்ரீ கிடையாது, அதன் இடத்தில் ஃபர்ம்வேர் கொடுக்கும் ஏசிபிஐ விவரம் இருக்கும். அங்கே ஸ்டேட்டஸ் வெறும் உரை அல்ல, _எஸ்டிஏ என்ற ஒரு மெத்தட், கேட்கும்போது ஃபர்ம்வேர் அதை ஓட்டிப் பதில் சொல்லும். பதிலில் முதல் பிட் சாதனம் இருக்கிறதா, அடுத்தது இயங்குகிறதா, மூன்றாவது பயனருக்குக் காட்டலாமா, நான்காவது ஒழுங்காக வேலை செய்கிறதா. மெத்தட் இல்லையென்றால் நான்கும் உண்டு என்று கணக்கு. /சிஸ் அடைவுக்குள் பஸ், ஏசிபிஐ, டிவைசஸ் என்று போய், சாதனத்தின் ஸ்டேட்டஸ் கோப்பைப் படித்தால் 15 என்று வந்தால் எல்லாம் சரி, 0 என்றால் இல்லை. பயோஸில் ஒரு சாதனத்தை அணைத்தால் பல நேரம் இந்த எண்தான் மாறுகிறது.

டிரைவர் எழுதும் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நோடின் கீழ் இருக்கும் குழந்தை நோடுகளைச் சுற்றிவரும்போது இரண்டு மேக்ரோக்கள் கண்ணில் படும். ஒன்று எல்லாக் குழந்தைகளையும் கொடுக்கும், இன்னொன்று பெயரில் அவைலபிள் என்ற சொல்லோடு, கிடைக்கும் நிலையில் உள்ளதை மட்டும் கொடுக்கும். சேனல்களையோ போர்ட்டுகளையோ எண்ணும் டிரைவர்களில் முதலாவதைப் போட்டுவிட்டு, போர்டு செய்தவர் டிசேபிள்டு என்று எழுதியும் சேனல் எழுந்து நிற்கிறதே என்று புகார் வருவது வழக்கமான பிழை. பழக்கமாக அவைலபிள் உள்ளதையே எடுங்கள், எல்எஸ்1028ஏ மாதிரி டிசேபிள்டு நோடையும் தொட வேண்டிய காரணம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் மற்றதற்குப் போங்கள், அந்தக் காரணத்தை அந்த வரிக்கு மேலேயே கமென்டாக எழுதிவைத்துவிடுங்கள்.